ரெண்டு விரல் முன்னாடி

எட்டு மாதமாக டிராக்டரின் மேக்னெட்டோ சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. பழைய துண்டில் சுற்றி மேலே ஒரு முடிச்சு போட்டிருந்தாள் மரம் அறுப்புக்காரர் மனைவி. வந்து போகிறவர்கள் ஏதோ பாத்திரம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாளாக ஆக அவளுக்கே அது பாத்திரம்தானோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை காலையில் அவருடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கும்போது துண்டு ஒன்று குறைந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்து அதை இறக்கி அவிழ்த்தாள். நாலு கிலோவுக்குக் குறையாத கறுப்பு இரும்பு. மேலே லாடம் மாதிரி வளைந்த காந்தம். துண்டின் மடிப்புக்குள் நுழைந்து அதன் காலில் ஒரு ஊசி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த ஊசி.

"உன்னோட வேலைதானா இது?" என்று அதனிடம் கேட்டுவிட்டு ஊசியைப் பிடுங்கிச் சேலையில் குத்திக்கொண்டாள்.

அவர்கள் வீட்டுப் பிழைப்பே மரம் அறுப்பது. கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர் நிற்கும். அதிலிருந்து ஒரு நீளப் பட்டை போய் ரம்ப மேசையைச் சுற்றும். முன்னே நின்று மரத்தைத் தள்ளுவது அவர், பின்னே நின்று பலகையை இழுப்பது அவள். பத்தொன்பது வருஷம் இப்படியே போனது. டிராக்டர் அவருக்குக் கல்யாணத்துக்கு முந்தியே வந்தது. அதனால் அவள் அதை 'மூத்தவள்' என்றுதான் சொல்வாள். "மூத்தவ இன்னிக்கு மூக்கால அழறா, போய் என்னன்னு கேளுங்க" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே ஸ்பேனரோடு போவார்.

அப்படி ஒருநாள் போய்த்தான் மேக்னெட்டோவைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் அந்த இஞ்சினுக்குப் பொறி கிடையாது. பேட்டரி, செல்ஃப் எல்லாம் அதற்குத் தெரியாத சமாசாரம். துடைத்து, பாயிண்டைத் தேய்த்து, "நாளைக்கு மாட்டிக்கலாம்" என்று ஓரமாக வைத்தார். குளிக்கப் போனார். குளியலறையிலேயே விழுந்தார். வாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. ரெண்டு மாதம் கழித்துப் பேச்சு திரும்பியபோது அஞ்சு வார்த்தைதான் திரும்பியது. 'வேணாம்', 'வீடு', 'போணும்', 'ரெண்டு', 'முன்னாடி'. சிதறின மூட்டையில் கைக்கு அகப்பட்டது அவ்வளவுதான் போல.

இந்த அஞ்சு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தத் தலைக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் இருக்கிறார் என்று தோன்றும். மறுநாள் காலியான வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று இருக்கும்.

அவர் அதிகம் சொன்னது "முன்னாடி வீடு போணும்" என்பதுதான். இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தி அவர்கள் ரயில் பாதை ஓரத்தில் ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். அந்த நினைப்பிலேயே மனுஷன் நின்றுவிட்டார் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி, ரேடியோ என்று பட்டப்பெயர், ஒரு படி மேலே போய், "அது போன ஜென்மத்து வீடுடீ. எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றாள். அவருடைய தம்பி, பஸ் நிலையத்தில் டைம்கீப்பர், அண்ணன் ஆசையைத் தீர்க்கலாம் என்று ஒருநாள் ஆட்டோவில் தூக்கி வைத்து அந்த ரயில்பாதை வீட்டுக்கே கூட்டிப்போனார். அங்கே யாரோ குடியிருந்தார்கள். வாசலில் குழந்தைத் துணி காய்ந்தது. அண்ணன் இடது கையால் ஆட்டோ சீட்டை அடித்து, "வேணாம், வேணாம்" என்று கத்தினார். கேட்டதும் அவரே, வேண்டாம் என்றதும் அவரே. அன்றோடு டைம்கீப்பர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

போன மாதம் அறுப்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் நடந்துவந்து, காஸ் அடுப்பைத் திறந்துவிட்டு நின்றார். அங்கேயே சரிந்தவரைத் தூக்கப் போய் இவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் டைம்கீப்பர் ஒரு இல்லத்தின் படிவத்தைக் கொண்டுவந்தார். புத்தி கலங்கியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். பஸ்ஸில் நாலு மணி நேரம். அவள் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை வேன் வரும்.

மேக்னெட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். விழுந்ததிலிருந்து அவர் கட்டில் அங்கேதான், குளியலறை பக்கம். ஜன்னலைத் திறந்தால் ரேடியோ வீட்டுச் சுவர்.

"ஏங்க, இதை என்ன பண்றது?"

அவர் அதை மடியில் வாங்கினார். இடது கையால் அதன் முனையைப் பிடித்துத் திருகினார். உள்ளே ஏதோ முறுக்கேறி, பிடித்து நின்று, சட்டென்று விட்டது. டக்.

அந்தச் சத்தத்துக்கு அவர் முகத்தில் ஏதோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரெண்டு விரலை ஒட்டினாற்போல நீட்டினார். "ரெண்டு. ரெண்டு முன்னாடி."

மேக்னெட்டோவை மாட்டும்போதெல்லாம் அவர் ப்ளைவீல் சக்கரத்தின் மேல் ரெண்டு விரல் வைத்து அளப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் எந்தப் பக்கம் அளப்பார் என்று பார்த்ததே இல்லை.

பத்து மணிக்கு டைம்கீப்பர் குடையோடு வந்தார். கையில் ஒரு கடிகாரம், சட்டைப்பையில் ஒரு கடிகாரம். ரெண்டும் ஒன்றையொன்று வேவு பார்க்கும் என்பார். வெளியே வானம் பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. நாலு சொட்டு போடும், நிறுத்தும்.

"அண்ணி, துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சா?"

"தம்பி, அவருக்குத் தெரியுது."

"என்ன தெரியுது?"

"இதை எப்படி மாட்டணும்னு தெரியுது. சொன்னாரு. ரெண்டு விரல்னு சொன்னாரு."

டைம்கீப்பர் மேக்னெட்டோவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அண்ணி, அவரு நேத்து என்னைப் பாத்தும் ரெண்டுன்னுதான் சொன்னாரு. நான் ஒருத்தன்தான் நின்னேன்."

"நீங்க ரெண்டு கடியாரம் கட்டிட்டு நின்னா வேற என்ன சொல்லுவாரு?"

"சிரிப்பு வரல அண்ணி. நீங்களும் நானும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட்டோம். எனக்கு மட்டும் என்ன கல்லு மனசா? உங்க இடுப்பு ஒடைஞ்சா அவரை யாரு பாப்பா?"

"தெரியல. எனக்கு எதுவுமே தெரியல. ஆனா உள்ள ஆளு இருக்கும்போதே கதவைப் பூட்டிட்டோம்னு ஆயிடக்கூடாதில்ல?"

டைம்கீப்பர் குடைக் கம்பியை மடக்கி நிமிர்த்தினார். "சரி. அண்ணன் சொல்றபடியே மாட்டுவோம். வண்டி கெளம்பிடுச்சுன்னா திங்கக்கிழமை வேனை நானே திருப்பி அனுப்பறேன். கெளம்பலைன்னா நீங்க மறுபேச்சு பேசக்கூடாது."

"பேசமாட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பயந்தாள்.

அறுப்புக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மரத்தூள் ஈரம் குடித்துப் புட்டு மாதிரி மிதிபட்டது. ரம்பத்தில் செம்மண் நிறத்தில் துரு. மூத்தவள் கோணிப்பைகளுக்கு அடியில் நின்றாள். ரெண்டு சிலிண்டர், இடது பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டு பெரிய வண்டிச் சக்கரம்போல ப்ளைவீல். அதைக் கையால் இழுத்துச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

அவள் இடது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்தாள். இவ்வளவு அவளுக்குத் தெரியும். "மெதுவா சுத்துங்க தம்பி."

டைம்கீப்பர் ப்ளைவீலை இழுத்தார். "ஊதுதா?"

"இல்ல. உறிஞ்சுது."

"இப்ப?"

"ஒண்ணும் பண்ணல. தூங்குது."

"வேலைக்குப் போகாத புருஷன் மாதிரி இருக்கே."

"இருங்க இருங்க... இப்ப ஊதுது! வெரலைத் தள்ளுது!"

பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு மேலே வருகிற சுற்று அதுதான். ப்ளைவீல் விளிம்பில் அரத்தால் வெட்டின ஒரு குறி மெல்ல மேலே ஏறி வந்தது. இஞ்சின் உடம்பிலிருந்து ஒரு இரும்பு முள் அதை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. குறியும் முள்ளும் நேருக்கு நேர் வந்தபோது அவள் "நிறுத்துங்க" என்றாள்.

இனி மேக்னெட்டோ. அதன் 'டக்' எப்போது கேட்கிறதோ அப்போதுதான் பொறி. அந்த டக் கேட்கும்போது குறி எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மேக்னெட்டோவை மாட்டி, ரெண்டு போல்ட்டைத் தளர்த்தி, அதன் உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பினால் டக் முந்தும், பிந்தும்.

டைம்கீப்பர் அண்ணன் முகத்துக்கு நேரே குனிந்தார். "அண்ணே. ரெண்டு விரல். எந்தப் பக்கம்?"

"முன்னாடி."

"குறி முள்ளுக்கு முன்னாடியா?"

"முன்னாடி. ரெண்டு."

"கேட்டீங்களா அண்ணி? குறி முள்ளுகிட்ட வர்றதுக்கு ரெண்டு விரல் முன்னாடியே டக்குனு கேக்கணும். எட்டு பத்து வண்டி எட்டு எட்டுக்கே நெலயத்துக்குள்ள வந்து நிக்கணும்னு சொல்ற மாதிரி. தெளிவாத்தான் சொல்றாரு."

அவள் ப்ளைவீலைப் பார்த்தாள். அதன் மேல்விளிம்பு சீட்டுப் பக்கத்திலிருந்து ரேடியேட்டர் பக்கமாகச் சுழலும். குறி வருவதற்கு முன்னாடி என்றால் அது இன்னும் சீட்டுப் பக்கம் இருக்கிறது. அதாவது பின்னாடி இருக்கிறது. முன்னாடி எப்படிப் பின்னாடி ஆகும்? சரி, பஸ்ஸும் வருவதற்கு முன்னாடி தூரத்தில் பின்னாடிதானே இருக்கும்? ஒரு பக்கம் நின்று பார்த்தால் டைம்கீப்பர் சொல்வது சரி. நாலடி தள்ளி நின்று பார்த்தால் தலை சுற்றியது. கேட்டால் தன்னையும் சேர்த்து இல்லத்துக்கு அனுப்பிவிடுவார் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

டைம்கீப்பர் டக் சத்தத்தை முன்னே இழுத்து வைத்துப் போல்ட்டை முறுக்கினார். அவள் பிளக்கை மாட்டி, வயரைச் செருகி, பெட்ரோல் குழாயைத் திறந்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ப்ளைவீலை ரெண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன்னே போக வேண்டிய ப்ளைவீல் சடாரென்று பின்னே திரும்பி அவரைத் தூக்கிப் போட்டது. மரத்தூளில் உட்கார்ந்தபடி விழுந்தார். குடை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

"ஐயோ தம்பி!"

"கை... கை அண்ணி..." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடிகாரக் கண்ணாடி சிலந்தி வலையாகியிருந்தது. முள் பதினொன்று இருபதில் நின்றுவிட்டது.

நாற்காலியிலிருந்து அண்ணன் இடது கையால் பலகையை அடித்துக்கொண்டு கத்தினார். "வேணாம்! முன்னாடி! முன்னாடி!"

"முன்னாடிதானேய்யா வெச்சேன்!" டைம்கீப்பருக்கு வலியில் அழுகையே வந்துவிட்டது. "நீ சொன்ன மாதிரிதானே வெச்சேன்! இன்னும் எவ்ளோ முன்னாடி? நான் பொறக்கறதுக்கு முன்னாடியா?"

சத்தம் கேட்டு ரேடியோ சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "என்னடீ வெடிச்சுது?"

"ஒண்ணுமில்ல, நீ போ."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ புகை?"

மழை பிடித்துக்கொண்டது. ரேடியோ தலையை இழுத்துக்கொண்டாள். அண்ணி டைம்கீப்பரின் கையை நீட்டி மடக்கிப் பார்த்தாள். விரல்கள் அசைந்தன, எலும்பு முறியவில்லை. கிழிந்த துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றிக் கட்டினாள். உள்ளே போய்த் தேநீரும் ரொட்டியும் ரெண்டு அவித்த முட்டையும் கொண்டுவந்தாள். மூன்று பேரும் ரம்ப மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார்கள். டைம்கீப்பர் இடது கையால் முட்டை உரிக்கத் தெரியாமல் உரித்தார். பக்கத்தில் அண்ணனும் இடது கையால்தான் உரித்தார். அவருக்கு எட்டு மாதப் பழக்கம், வழவழவென்று வந்தது. தன் முட்டையைத் தம்பி தட்டில் வைத்துவிட்டு, தோலோடு கிடந்ததை எடுத்துக்கொண்டார்.

டைம்கீப்பர் அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் பாத்தா ஆளு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா அண்ணி, நீங்க வார்த்தை குடுத்தீங்க."

"ஆமா" என்றாள். அவர் சொன்னபடிதான் வைத்தார்கள். மூத்தவள் உதைத்துவிட்டாள். அந்தத் தலைக்குள் எல்லாமே இடம் மாறித்தான் கிடக்கிறது. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை வழியாக மழை அறுப்புக்காரர் தோளில் சொட்டியது. எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள்.

"முன்னாடி" என்றார் அவர்.

அவள் நாற்காலியை முன்னே தள்ளினாள். ஒரு முழம். சொட்டு இப்போது வெறும் மரத்தூளில் விழுந்தது.

தள்ளின கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது.

இது யார் சொல்லித் தள்ளியது? காது எதுவும் யோசிக்கவில்லை. கைதான் கேட்டது, கைதான் தள்ளியது. இந்த ரம்ப மேசையில் பத்தொன்பது வருஷமாக அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை என்ன? ரம்பம் அலறும்போது நீளமாகப் பேச முடியாது. 'முன்னாடி' என்றால் முன்பக்கத்தைத் தூக்கு. 'பின்னாடி' என்றால் பின்பக்கத்தை இறக்கு. அந்த மனுஷனுக்கு முன்னாடி என்பது எப்போதும் ஒரு இடம். அதை நேரம் ஆக்கியது பஸ்ஸுக்கு நேரம் எழுதுகிற ஆள்.

"தம்பி, அவரு முன்னாடின்னு சொன்னது எடம்."

"என்ன?"

"நேரம் இல்ல. எடம். முள்ளுக்கு முன்பக்கம். ரேடியேட்டர் பக்கம்."

"அப்படின்னா குறி முள்ளைத் தாண்டிப் போயிருக்குமே. அது லேட்டு அண்ணி!"

"லேட்டாத்தான் இருக்கட்டுமே. சீக்கிரம் வந்துதானே உங்களை உதைச்சா?"

டைம்கீப்பர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "நான் கை வைக்கமாட்டேன். எனக்கு மிச்சம் ஒரு கைதான் இருக்கு."

அவளே ஸ்பேனரை எடுத்தாள். போல்ட்டைத் தளர்த்தி மேக்னெட்டோவை எதிர்ப்பக்கம் திருப்பினாள். ப்ளைவீலைப் பொடிப்பொடியாக நகர்த்தினாள். குறி வந்தது, முள்ளைத் தொட்டது, தாண்டியது. ஒரு விரல். ஒன்றரை. டக் இன்னும் கேட்கவில்லை. கண்ணைப் புருஷன் முகத்தில் வைத்துக்கொண்டே நகர்த்தினாள். ரெண்டு விரல்.

டக்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டு" என்றார். ரசீது கொடுத்த மாதிரி இருந்தது.

போல்ட்டை இறுக்கிவிட்டு ப்ளைவீல் முன் நின்றாள். இடுப்பு இப்போதே வேண்டாம் என்றது. உதைத்தால் இவளைத் தூக்கிக்கூடப் போடாது, முறித்துப் போடும். இவள் நினைத்தது தப்பாக இருந்தால் திங்கட்கிழமை வேனில் ரெண்டு பேர் ஏற வேண்டியதுதான்.

"அண்ணி, வேணாம், விடுங்க—"

இழுத்தாள். ஒன்றுமில்லை. ஒரு பெருமூச்சு மட்டும்.

இன்னொரு தடவை. டக், ஒரு தும்மல்.

மூன்றாவது இழுப்பில் மூத்தவள் பிடித்துக்கொண்டாள். டொக். இடைவெளி. டொக். நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது மறுபடி டொக். பிறகு டொக் டொக் டொக் டொக் என்று, எட்டு மாதம் வாயை மூடியிருந்தவள் மொத்தத்தையும் கொட்டுகிற மாதிரி. தகரக் கூரை அதிர்ந்தது. கரும்புகை மழைக்குள் போய் நீலமாகிக் கரைந்தது. சுவருக்கு மேல் ரேடியோ குடை பிடித்துக்கொண்டு மறுபடி முளைத்தாள். வாய் அசைந்தது, எதுவும் கேட்கவில்லை. அவள் பேசி யாருக்கும் கேட்காத ஒரே நாள் அதுதான்.

டைம்கீப்பர் அண்ணி காதருகே வந்து கத்தினார். "குருட்டாம்போக்குல கூட நடந்திருக்கலாமில்ல?"

நடந்திருக்கலாம். அவளுக்கும் அதுதான் பயம். ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். ஒன்று தப்பினால் மற்றது பலிக்கும். இதை வைத்து ஆள் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது?

அறுப்புக்காரர் இஞ்சினைப் பார்த்து முடித்துவிட்டு வீட்டுப் பக்கம் தாடையை நீட்டினார். வாய் அசைவே போதும், அவளுக்குத் தெரியும். 'முன்னாடி வீடு போணும்.'

பெட்ரோலை மூடினாள். இஞ்சின் இருமி நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

"ஏங்க." நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். "முன்னாடி வீடா? இல்ல, வீட்டுல முன்னாடியா?"

அவர் அவளையே பார்த்தார்.

"முன் ரூமா? நம்ம கட்டில் கெடந்துதே, ஜன்னல் இருக்கே, அதுவா?"

அவர் இடது கையால் அவள் சேலை ஓரத்தைப் பிடித்து ரெண்டு தடவை இழுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடி வழியாக இறங்கியது. "போணும்" என்றார். "போணும், போணும்."

டைம்கீப்பர் ரம்ப மேசையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் அவரை ஆட்டோல ஏத்தி அவ்ளோ தூரம்..."

"வேணாம்னுதான் சொன்னாரு தம்பி."

"சொன்னாரு." கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "கத்திக் கத்திச் சொன்னாரு."

மழை ஓய்வதற்குள் முன்னறையைக் காலி செய்தார்கள். ரம்பத் தகடுகள், பழைய பட்டைகள், அடுக்கின பெட்டி எல்லாம் பின்னறைக்குப் போயின. டைம்கீப்பர் ஒரு கையால் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். "முன்னாடி தூக்குங்க அண்ணி" என்றார். உடனே, "எடத்தைச் சொன்னேன்" என்றார். ரெண்டு பேரும் கட்டிலை நடுவழியில் வைத்துவிட்டுச் சிரித்தார்கள். குளியலறைக்குத் தூரமாகிவிட்டது, சுவரில் பிடிமானத்துக்கு ஒரு கம்பி அடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தக் காஸ் அடுப்பு விஷயம் மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. முன்னறைக்குப் போகிற வழியில் பிடித்து நிற்க அகப்பட்டது அந்தத் திருகுதானோ என்னவோ. அவள் அடுப்புத் திருகைக் கழற்றி அலமாரியில், மேக்னெட்டோ இருந்த இடத்தில் வைத்தாள்.

டைம்கீப்பர் வாசலில் நின்று இல்லத்துக்குப் போன் செய்தார். மூன்று தடவை "ஆமா, வேணாம்" என்று சொல்லி வைத்தார். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து, பிறகு பையிலிருந்ததைப் பார்த்து, "நாலு பத்து வண்டி போயிடுச்சு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு குடையை விரித்தார்.

அறுப்புக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அங்கிருந்து கொட்டகை தெரிந்தது, மூத்தவளின் ப்ளைவீல் தெரிந்தது. அவள் எட்டு மாதப் பழக்கத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையணையைச் சரிசெய்தாள். குளிப்பாட்டுவது, நாற்காலி தள்ளுவது, எல்லாம் அவள் செய்வது பின்னாலிருந்துதான். ரம்பத்திலும் அவள் பின்னாடி ஆள்தான்.

"முன்னாடி" என்றார் அவர்.

அவள் கை தலையணையில் நின்றது. "எடத்துலயா, நேரத்துலயா?"

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தனக்கு எதிரே, ஜன்னலோரம், கட்டில் விளிம்பில் ரெண்டு தடவை தட்டினார்.

அவள் சுற்றி வந்து அங்கே உட்கார்ந்தாள். நேருக்கு நேர். முன்னாடி உட்கார்ந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சேலையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள், மறுபடி குத்திக்கொண்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.